ஒரே தோட்டத்துக்கு இரண்டு கோப்புகள்

போன மாதம் புதிதாக உரிமம் எடுத்த பிள்ளைகளுக்கு மொன்றியல் டவுன்டவுனில் ஒரு விருந்து வைத்தார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சென்னையில் இருந்து இங்கே படிக்க வந்து, படித்து முடித்து, நில வடிவமைப்பாளர் என்று முத்திரையும் வாங்கிவிட்ட ஒரு பிள்ளை என் பக்கத்துக் கதிரையில் இருந்தது. கேக்கை வெட்டிக்கொண்டே கேட்டது:

"அங்கிள், எங்களுக்கெல்லாம் போர்டு லைசென்ஸ் குடுக்குது. அந்த ஃபர்ஸ்ட் போர்டுல உக்காந்தவங்களுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தாங்க?"

மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த முதல் சபையில் இருந்தவன் நான்தான். "ஐயா, அதையே எழுதித் தாங்கோ, விழா மலரில போடுவம்" என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். ஒரு இடத்தில் பேனையை வைத்துவிட்டு, "அப்பா, இது கட்டாயம் வேணுமோ?" என்று கேட்டாள். எழுது என்றேன். எந்த இடம் என்று வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில்: யாரும் கொடுக்கவில்லை. கதிரையில் இருந்ததால் கிடைத்தது.

அதற்கு முன்னம் இந்த மாகாணத்தில் யார் வேண்டுமானாலும் நில வடிவமைப்பாளர் என்று கார்ட் அடிக்கலாம். நேற்றுவரை பனி வழித்தவன் இன்றைக்குச் சாய்வில் சுவர் கட்டலாம். அப்படி ஒருவன் கட்டிய சுவர் ஒரு கார்டறி என்கிற பிள்ளைகள் காப்பகத்தின் முற்றத்தில் சரிந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் பிள்ளைகள் இல்லை. ஊஞ்சல் மட்டும் நசுங்கியது. அந்த ஊஞ்சலின் படத்தைப் பேப்பரில் பார்த்த தாய்மார் அரசாங்கத்தைச் சும்மா விடவில்லை. அடுத்த வருடம் சட்டம் வந்துவிட்டது.

சட்டம் என்றால் எல்லாம் அதில் எழுதியிருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதில் இருந்தது கொஞ்சம்தான். ஏழு பேர் கொண்ட சபை. நான்கு பேர் படித்த வடிவமைப்பாளர்கள், இரண்டு பேர் பொதுமக்கள், ஒருவர் பல்கலைக்கழகம் போகாமல் தொழிலில் நின்றவர். தொழில் ஆட்கள் ஐந்து பேரையும் அமைச்சர் நியமித்த அன்றே உரிமம் உள்ளவர்களாகக் கொள்ளவேண்டும். அவ்வளவுதான். மற்றவர்களில் யார் தகுதியானவர், எத்தனை வருடம், என்ன பரீட்சை என்பதையெல்லாம் அந்த ஏழு பேர் கூடிப் பேசி எழுதவேண்டும். வேலி போடுகிற நாங்கள் முதலில் உள்ளே நின்றுகொண்டே போட்டோம். என்னுடைய உரிம இலக்கம் ஐந்து.

என்னை எப்படிப் பிடித்தார்கள் என்றால், இல்-பிசாரில் உள்ள ஒரு தோட்டத்தால். அந்தத் தீவில் ஆறு பெருகிய வருடம் ஒரு தெரு முழுக்க நிலவறைகளில் தண்ணீர். நடுவில் ஒரு வீட்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டின் பின்வளவில் ஆழமில்லாத ஒரு பெரிய பள்ளம், சுற்றிவரத் தண்ணீர் குடிக்கிற செடிகள். மண்ணை வெட்டிய விதத்தில் தண்ணீர் வீட்டை விட்டுவிட்டுப் பள்ளத்துக்குள் போய்க் குந்திக்கொண்டது. ஒரு நிருபர் நகரசபையில் போய்ப் பழைய அனுமதியை எடுத்துப் பார்த்தார். வரைபடத்தின் மூலையில் என் பெயர் இருந்தது.

அந்த வரைபடத்தைக் கீறியவன் கணேஸ்.

கணேசலிங்கம் முழுப் பெயர். ஊரில் நில அளவையாளர் ஒருவருக்கு அளவுச் சங்கிலி பிடித்தவன். நிலத்தைக் கண்ணால் பார்த்தே எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வு என்று சொல்வான். நானும் அவனும் ஒரே வருடம் மொன்றியலுக்கு வந்து, ஒரே நிலவறையில் படுத்தவர்கள். என் அகதி விண்ணப்பம் இரண்டு வருடத்தில் சரி வந்தது. அவனுடையதை மறுத்து, மேன்முறையீடு போட்டு, அதையும் மறுத்து, கடைசியில் மனிதாபிமானம் என்று ஏதோ ஒரு வழியில் சரி வர, வேலை அனுமதி இல்லாமலே பத்து வருடம் போய்விட்டது.

அந்த நாளில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உங்களில் பலருடைய தகப்பன்மாருக்குத் தெரியும், கேட்டால் சொல்லமாட்டார்கள். பேப்பர் உள்ளவன் பேப்பர் இல்லாதவனுக்குப் பெயரைக் கொடுப்பான். உணவகத்துக் குசினிகளில் ஒரே பெயரில் காலையில் ஒருவன், மாலையில் ஒருவன் நின்றிருக்கிறான். முதலாளிக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம். நானும் கணேசும் அதைத் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்தோம். கம்பனி என் பெயரில். ஒப்பந்தம், அனுமதி, வரைபடம் எல்லாம் என் பெயரில். நான் ஆட்களோடு கதைப்பேன், வெட்டுவேன், சுமப்பேன். எங்கே வெட்டுவது என்று அவன் சொல்வான். வாடிக்கையாளர்கள் அவனையே என் பெயரால் கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்ப்பான்.

நிருபர் படம் எடுக்க வந்தபோது கணேசுக்கு எல்லாப் பேப்பரும் கிடைத்துவிட்டது. தன் பெயரில் தனியாகச் சின்னச் சின்ன வேலைகள் செய்துகொண்டிருந்தான். நான் அவனையும் இல்-பிசாருக்கு வரச் சொன்னேன். வந்தான். படத்துக்கு மட்டும் வரவில்லை.

"அனுமதியில உன்ர பேர்தானே கிடக்கு. நீயே நில்லு. என்னைக் கண்டா அவனுக்குக் குழம்பும்."

நிருபர் கேட்டதற்கெல்லாம் அவன் தள்ளி நின்று தமிழில் சொன்னான், நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். பேப்பரில் வந்தது என்னுடைய ஞானம்.

சபை கூடியது ஒரு உயர்ந்த கட்டடத்தில். நிலத்தைப் பற்றிப் பேசுகிற சபைக்குக் கீழே நிலமே தெரியாது. முதல் நாள் நான் வேலைச் சப்பாத்தோடு போய், வெள்ளைக் கம்பளத்தில் மண் போட்டுவிட்டேன். சபையின் தலைவி குனிந்து ஒரு கட்டியை எடுத்துப் பார்த்து, "இந்த அறைக்குள் வந்த முதல் மண்" என்றார். அந்த மனுசியை எனக்குப் பிடித்துப் போனதற்கு அதுதான் காரணம். நல்ல மனுசி. இந்தக் கதையில் கெட்ட மனிதர் என்று வெளியில் யாரையும் தேடாதீர்கள்.

அங்கே இருந்த பேராசிரியர் ஒருவர் பட்டமும் பரீட்சையும் இல்லாதவர்களுக்கு உரிமமே கொடுக்கக்கூடாது என்று நின்றார். நான் எழும்பினேன். கை நடுங்கியது. இந்த நகரத்தில் உள்ள தோட்டங்களில் பாதியைச் செய்தவர்கள் பட்டம் இல்லாதவர்கள், அவர்களை வெளியே விட்டால் கார்டறிச் சுவரைக் கட்டியவனையும் அவர்களையும் ஒன்றாக்குகிறீர்கள் என்றேன். தலைவி என் பக்கம் நின்றார். மூன்று கூட்டம் இழுபட்டது. முடிவில், பத்து வருடம் வடிவமைத்தவர்கள் முதல் இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் பரீட்சை இல்லாமல் உரிமம் என்று ஒரு பிரிவு வந்தது. என்னால் வந்தது. இதை நான் மார்தட்டிச் சொல்லியிருக்கிறேன்.

அதன் வாலில் ஒரு வரி இருக்கிறது. அதைச் சேர்த்தவர் சபையின் சட்டத்தரணி. பத்து வருட வேலையும் விண்ணப்பதாரரின் சொந்தப் பெயரில், அனுமதியிலோ ஒப்பந்தத்திலோ இருக்கவேண்டும். மற்றவன் வேலையைத் தன்னுடையது என்று காட்டுகிறவர்களைத் தடுக்கவாம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"உங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது சரி வருமா?" என்று தலைவி கேட்டார்.

எங்கள் ஆட்களில் எத்தனை பேருடைய வருடங்கள் மற்றவனின் பெயருக்குள் கிடக்கின்றன என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சரி வராது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்லப்போனால் என்னுடைய ஐந்தாம் இலக்கத்தில் போய் நிற்கும்.

"சரி வரும்" என்றேன்.

ஊர்ச் சங்கம் எனக்கு ஒரு பாராட்டு விழா வைத்தது. பொன்னாடை, மாலை எல்லாம். பேசியவர்கள் எல்லாரும் இல்-பிசார் தோட்டத்தைச் சொன்னார்கள். கணேஸ் மூன்றாம் வரிசையில் இருந்து, சிரித்துச் சிரித்துக் கை தட்டினான். சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றான்.

"மச்சான், அந்தப் பள்ளத்தை நீ எப்பிடிக் கீறினனி எண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லித் தாவன்."

"போடா விசரா."

"இல்லையடா, நாளைக்கு ஆரும் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

பிறகு குரலைத் தணித்தான். கர்க்லாண்டில் ஒரு முதியோர் இல்லத்தின் தோட்டத்தை முழுதாக அவனிடம் கொடுக்க அதன் நிர்வாகி விரும்புகிறாராம். பெரிய வளவு, சாய்வு, சக்கர நாற்காலிகள் போகிற பாதை. வாழ்நாளில் அவன் பெயரில் வருகிற முதல் பெரிய வேலை. புதுச் சட்டப்படி முத்திரை இல்லாமல் அதைச் செய்ய ஏலாது.

"என்ர பேரில ஆறு வருசம்தான் கிடக்கு. மிச்சத்துக்கு நீ ஒரு கடிதம் தந்தா காணும். ஆர் கீறினது எண்டு."

"முதல்ல நீ விண்ணப்பத்தைப் போடு. கடிதம் பேந்து பாப்பம்."

பிறகு பார்ப்போம் என்ற அந்தப் 'பேந்து பாப்பம்' என்பதை நம்பி அவன் போட்டான்.

அவனுடைய கோப்பு சபைக்கு வருகிற நாள் எனக்கு முன்கூட்டியே தெரியும். பட்டியலை மகள்தான் வாசித்துச் சொல்வாள். "அப்பா, கணேஸ் மாமான்ர பெயர் இருக்கு" என்று சந்தோசப்பட்டாள். மாமாவுக்கான கடிதத்தை எப்போது எழுதுவது என்று கேட்டாள். அவனுக்கு நல்லதுக்குத்தான் எழுதவில்லை, பேப்பர் இல்லாமல் வேலை செய்தவன் என்று வெளியில் வந்தால் அவனுக்கு ஆபத்து என்றேன்.

"கணேஸ் மாமா இப்ப சிட்டிசன் அப்பா" என்றாள்.

கடிதம் இல்லாமலே நான் கூட்டத்துக்குப் போனேன்.

சட்டத்தரணி இரண்டு கோப்புகளை மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்று, சபை தொடங்கியபோது நான் கொடுத்த என்னுடையது. மற்றது கணேசுடையது. இரண்டிலும் அதே இல்-பிசார் தோட்டம். என்னுடையதில் நகரசபை அனுமதி. அவனுடையதில் ஒரு பழைய நோட்டுக் கொப்பியின் பக்கங்களின் பிரதிகள். பள்ளம், கோடு கோடாகச் சாய்வு, ஓரத்தில் பென்சிலால் தமிழ்.

நியாயப்படி நான் வெளியே போயிருக்கவேண்டும். தலைவியும் அதைத்தான் சொன்னார். "ஒரே ஒரு உதவி செய்துவிட்டுப் போங்கள். இதை வாசிக்கக்கூடியவர் இங்கே நீங்கள் மட்டும்தான். இந்த ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது?"

கண்ணாடியைப் போட்டேன். கணேசின் கையெழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கும். அந்த வரிகள் இப்போதும் எனக்கு மனப்பாடம்.

'பள்ளம் ரெண்டடி. வீட்டுக்காரி சண்டைக்கு வருவா, விடக்கூடாது. தண்ணி இஞ்சதான் வந்து நிக்கும். இவனுக்குச் சொன்னா விளங்காது, நானே நிண்டு வெட்டுவிக்கவேணும்.'

இவன் என்றது என்னை. அந்த நான்கு வரியை அப்படியே பிரெஞ்சில் சொல்லியிருந்தால் காணும். ஒரு கடிதமும் தேவையில்லை. கட்டாயம் வேணுமோ என்று மகள் கேட்ட இடம் இதுதான்.

"அளவுகள்" என்றேன்.

"வேறு ஒன்றும் இல்லையா?"

"அளவுகள்தான்."

"அப்படியானால் இந்தத் தோட்டத்தில் இவருடைய பங்கு என்ன?"

"அவர் என்னோடு வேலை செய்தவர்."

பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான், அதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். நெருக்கடி வரும்போது பெரிய பொய் சொல்லும்படி யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். பொய் என்றே சொல்ல ஏலாத ஒரு சின்ன வாக்கியம் கைக்கெட்டின தூரத்தில் கிடக்கும். அவர் என்னோடு வேலை செய்தவர். அதில் எந்தச் சொல் பொய்? எடுத்துச் சொல்லிவிட்டு வெளியே வந்து, நடைபாதையில் இருந்த யந்திரத்தில் ஒரு கோப்பி எடுத்துக் குடித்தேன். கோப்பி சூடாக நன்றாகத்தான் இருந்தது. கை நடுங்கவில்லை. முதல் முறை பட்டம் இல்லாத ஆட்களுக்காக எழும்பிப் பேசினபோது நடுங்கிய கை அது.

விண்ணப்பத்தை மறுத்தார்கள். வருடம் போதாது என்று மட்டும் எழுதியிருந்தால் அவன் பேசாமல் பரீட்சைக்கு என்றாலும் போயிருப்பான். மற்றவருடைய வேலையைத் தன்னுடையதாகக் காட்டியவர் என்று ஒரு குறிப்பும் சேர்த்தார்கள். அந்தக் குறிப்பு உள்ளவன் பரீட்சைக்கும் இருக்க முடியாது.

கடிதம் கிடைத்த அன்று கணேஸ் மூன்று தரம் போன் அடித்தான். நான் எடுக்கவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கே வந்தான். என் மனுசி தேத்தண்ணி கொடுத்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் உள்ளே போகும்வரை பனியைப் பற்றிக் கதைத்தான்.

பிறகு கேட்டான். "கொப்பியில தமிழில எழுதியிருந்தனான். ஆரும் வாசிச்சவையோ?"

"நான்தான் வாசிச்சனான்."

"என்னெண்டு சொன்னனி?"

"அளவு எண்டு."

சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதில் எனக்கு அடித்திருக்கலாம். "அளவுதான். நீ எவ்வளவு எண்டு நான் எழுதி வைச்ச அளவு."

"கணேஸ், என்ர லைசென்ஸும் போயிருக்குமடா. கம்பனி, ஆக்கள், எல்லாம்."

"போயிருக்கும், ஓம்." யோசித்துச் சொன்னான். "பத்து வருசம் உன்ர பேரைச் சொல்லிக் கூப்பிட நான் திரும்பிப் பாத்தனான். நீ ஒருக்கா, ஒரு நிமிசம், என்ர பேரைச் சொல்லியிருக்கலாம்."

தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, கோப்பையைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்து, "வாறன் அக்கா" என்று மனுசிக்குச் சொல்லிவிட்டுப் போனான்.

நான் சபையில் இன்னும் இரண்டு பதவித் தவணை இருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. நூற்றுக்கணக்கான கோப்புகள் என் கையால் போயின. அந்தப் பிரிவின் கீழ் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் தெரியுமா? கணேசுக்குப் பிறகு ஒருவரும் இல்லை. அவனுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு எல்லாரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். இரண்டு வருடம் முடிந்து அந்தக் கதவும் பூட்டுப்பட்டது. ஆண்டறிக்கையில், பட்டம் இல்லாதவர்களுக்கும் இடம் கொடுத்த சபை என்று எங்களைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். மகள் எனக்கு அதை வாசித்துக் காட்டவில்லை. மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முழங்கால் ஏலாமல் ஓய்வு எடுத்து, முத்திரையைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இழக்க ஒன்றும் இல்லாதபோது வருவது தைரியம்தானா என்று நீங்கள் கேட்கலாம். மகளைக் கொண்டு சபைக்கு ஒரு கடிதம் எழுதுவித்தேன். கொப்பியில் இருந்த நான்கு வரியையும் அதில் மொழிபெயர்த்துப் போட்டேன். மூன்று கிழமையில் மரியாதையான பதில் வந்தது. அந்தப் பிரிவு காலாவதியாகிவிட்டது, அந்தக் கோப்பு மூடப்பட்டுவிட்டது, நான் இப்போது உரிமம் உள்ளவன் அல்ல என்றபடியால் என் மீதும் நடவடிக்கை எடுக்க ஏலாது. என்னுடைய நீண்ட சேவைக்கு நன்றியாம்.

அந்தப் பதிலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கணேசைத் தேடிப் போனேன். கர்க்லாண்ட் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான் என்று சொன்னார்கள். அவன் செய்யவிருந்த அதே தோட்டம்தான். வருடக்கணக்காகக் கிடப்பில் கிடந்து, இப்போது ஒரு பெரிய நிறுவனம் எடுத்திருக்கிறது. வரைபடத்தில் முத்திரை வைத்தவர் உங்களில் ஒருவர். உங்களில் பிழை இல்லை. கணேஸ் அங்கே கல்லுப் பதிக்கிறான்.

சக்கர நாற்காலிப் பாதைக்கு நூல் கட்டி, முழங்காலில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலோடு பார்த்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் போய் முன்னால் நின்றேன்.

"கணேஸ்."

"ம்."

"போர்டுக்குக் கடிதம் எழுதினனான்."

"என்னெண்டு?"

"இல்-பிசார் தோட்டம் நீ செய்தது எண்டு."

அவன் தலையைத் தூக்கவில்லை. சுத்தியலால் ஒரு கல்லை இரண்டு தட்டுத் தட்டினான்.

"அது எனக்குத் தெரியாத விசயமோ?"

பையில் இருந்த பதிலை எடுக்கக் கையை விட்டேன்.

"அங்கால தள்ளி நில்லடா" என்றான். "நூலை மறைக்கிறாய்."

தள்ளி நின்றேன்.